கடல் தெரிந்த நமக்கு நீர்வீழ்ச்சி தெரியுமா?



நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டொரு நாளில் நம் கரையோர ஊர்களிலிருந்து வேன்கள் புறப்படத் தொடங்கிவிடும். கல்முனையோ, சாய்ந்தமருதோ, நிந்தவூரோ, அக்கரைப்பற்றோ, எந்த ஊரானாலும் சரி. ஒரு பகுதி வேன்கள் அறுகம்பே கடற்கரையோடு நின்றுவிடும். மற்றவை பொத்துவிலில் கடலை விட்டுத் திரும்பி, லாகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தள வழியாக வெல்லவாயவைப் போய்ச் சேரும். அங்கிருந்து கொஸ்லந்தப் பாதையில் தியலும. எல்லப் பாதையில் இராவணா எல்ல. இன்னும் மேலே பதுளைக்கு அருகில் துன்ஹிந்த. சோற்றுச் சட்டி, சஹன், பாய், தேத்தண்ணிப் போத்தல் எல்லாம் வேனில் ஏறும். மூத்தம்மாவும் ஏறுவார், நாற்பது நாள் கழிந்த கைக்குழந்தையும் ஏறும்.

பயணம் போவதில் குற்றமில்லை. பூமியில் சுற்றித் திரிந்து அல்லாஹ்வின் படைப்பைப் பார்த்துச் சிந்திக்கும்படி அருள்மறை பல இடங்களில் ஏவுகிறது. வருடம் முழுவதும் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு நாள் மலைக்காற்று கிடைப்பதை எந்த ஆலிமும் தடுக்க மாட்டார். நான் சொல்ல வருவது அங்கே போய்த் தண்ணீரில் இறங்குவதைப் பற்றி.

நாம் கடற்கரை மக்கள். தண்ணீர் நமக்குப் புதிதல்ல என்ற எண்ணம் நமக்குள் இருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் அறுகம்பேயில் எந்தப் பக்கம் இறங்கலாம், வாடைக் காலத்தில் ஏன் இறங்கக் கூடாது என்பதை மீனவர் வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குப் போகுமுன்பே அறிந்துகொள்ளும். அந்த அறிவு கடலுக்குரியது. கடலறிவை மூட்டை கட்டிக்கொண்டு மலையில் ஏறினால் அது அங்கே உதவாது. நீந்தத் தெரிந்த இளைஞர்களும் நீர்வீழ்ச்சிகளில் மூழ்கிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறுபாட்டைப் பாருங்கள். ஒரு லீட்டர் கடல்நீர் நன்னீரை விட ஏறத்தாழ 25 கிராம் கனமானது. அந்தக் கனம்தான் நம்மைச் சற்றே தாங்கிப் பிடிக்கிறது. ஆற்று நீரில் அந்தத் தாங்கல் இல்லை. நீர் விழுந்து நுரைக்கும் இடத்திலோ பாதிக்குக் காற்றுக் குமிழிதான். அதில் நீந்துகிறவரின் கை தண்ணீரைப் பிடிக்காது, உடல் மிதக்காது. அதோடு, மேலிருந்து விழும் நீர் ஆளைக் கீழே அமுக்கி, அடியில் சுழற்றி, மீண்டும் விழும் இடத்துக்கே இழுத்து வரும். கடலில் காலுக்குக் கீழே மணல். இங்கே பாறை, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பாசி, பாறைக்கடியில் ஆள் நுழைந்து சிக்கிக்கொள்ளும் பொந்துகள். ஒரு முழம் தள்ளிக் கால் வைத்தால் இடுப்பளவு நீர் ஆளுயரத்துக்கு மேல் போய்விடும். மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் ஒரே பச்சைக் கண்ணாடியாகத்தான் தெரியும்.

குளிரையும் மறக்க வேண்டாம். வெயிலில் காய்ந்த உடம்போடு மலைநீரில் திடீரென்று குதிப்பவருக்கு மூச்சு ஒரு கணம் இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பு தண்ணீருக்குள் நிகழ்ந்தால் உள்ளே போவது காற்றல்ல. ஹிஜ்ரி 8இல் தாதுஸ் ஸலாஸில் படைப் பயணத்தில் அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையானது. கடுங்குளிர் இரவு. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுவித்தார்கள். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, தம்மைத் தாமே கொன்றுவிடக் கூடாது என்ற இறைவசனத்தைக் காரணமாகச் சொன்னார்கள். நபியவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. இது அபூதாவூதில் வரும் செய்தி. கடமையான குளிப்பிலேயே உயிருக்கு இந்தச் சலுகை என்றால், விளையாட்டுக் குளிப்பில் எவ்வளவு கவனம் வேண்டும்!

மழை எங்கே பெய்கிறது?

தியலும நம் நாட்டின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. பம்பரகந்த 263 மீற்றர். தியலும 220 மீற்றர். வீதியோரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவோருக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் இப்போது பலரும் தேடிப் போவது அதன் உச்சியிலுள்ள பாறைத் தடாகங்களை. மானாப் புல் காட்டுக்கு நடுவே நடந்து போக வேண்டும். ஒன்றன் கீழ் ஒன்றாக இயற்கை தோண்டி வைத்த தொட்டிகள். கைப்பேசியில் படம் பார்த்தவர்கள் போகாமல் இருக்க மாட்டார்கள். கடைசித் தொட்டிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது படத்தில் தெரியாது. அங்கே பாறை முடிகிறது. கீழே அந்த 220 மீற்றர் இருக்கிறது.

தடாகத்தில் நீங்கள் நிற்கும்போது உங்கள் தலைக்கு மேல் வெயில் காயலாம். மழை பூனாகலை மலைகளில் பெய்துகொண்டிருக்கும். அந்த நீர் உங்களிடம் வந்து சேரச் சிறிது நேரம் போதும். மலையக மக்களிடம் கேட்டால் அடையாளம் சொல்வார்கள்: தெளிந்த நீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், விழும் நீரின் ஓசை கனக்கும், சற்றுமுன் உலர்ந்திருந்த கல் நனைந்திருக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் சட்டியையும் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு கரையேற வேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே அல்ல, நீங்கள் நிற்கும் பக்கத்துக் கரையிலேயே மேட்டுக்கு.

இதில் நம்மவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலைச் சொல்கிறேன். சந்திர மாதக் கணக்கில் பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. அண்மைய ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் மார்ச், ஏப்ரலில் வந்திருக்கிறது. 2025இல் மார்ச் 31. ஊவா மலைகளில் பிற்பகல் இடிமழை பெய்யும் காலமும் அதுவே. காலையில் வானம் துடைத்து வைத்தது போலிருக்கும்; அஸருக்குள் இருண்டு கொட்டும். நம் கரையோரத்தில் அந்நேரம் ஒரு துளியும் விழாது. ஆகவே வீட்டு முற்றத்து வானத்தைப் பார்த்து மலைப் பயணத்தை முடிவு செய்யாதீர்கள். ஒக்டோபர், நவம்பரில் நிலைமை இன்னும் கடுமை. அதே கொஸ்லந்தப் பக்கம், மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் நீர்வீழ்ச்சிப் பயணமே வேண்டாம் என்பது என் கருத்து.

ஓடும் நீரின் வலிமையை அறிய மலைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. 2024 நவம்பர் 26இல், நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வெள்ளத்தில் புரண்டது. நாம் தினமும் போய்வரும் வீதி அது. குர்ஆன் ஓதிய பிள்ளைகள் பலரை ஜனாஸாவாகத்தான் மீட்டார்கள். அல்லாஹ் அவர்களை ஷஹீத்களாக ஏற்றுக்கொள்வானாக. ஒரு டிரக்டரைப் புரட்டும் நீர், முழங்காலளவில் நிற்கும் ஒரு தாயையும் அவள் இடுப்பிலுள்ள குழந்தையையும் என்ன செய்யும்?

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. மையித்து வீட்டில் அதைச் சொல்லி ஆறுதல் கூறுகிறோம், அது சரிதான். ஆனால் அது இழந்தவருக்குரிய ஆறுதல், இறங்குகிறவருக்குரிய அனுமதிச் சீட்டல்ல. எல்லாம் கத்ர் தானே என்பாரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நான் மறுபடி விளக்கத் தேவையில்லை.

மறைவிடமும் ஆழமும்

இனிப் பெண்களுக்கான பேச்சு. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஓர் இடத்தில் ஊரார் எல்லோரும் குளிக்கிறார்கள் என்றால், அங்கே ஆழம் எவ்வளவு, எந்தக் கல் வழுக்கும் என்பது ஓரளவு தெரிந்த விடயம். நம் பெண்கள் அங்கே இறங்க மாட்டார்கள். ஆண்கள் கண்படாத இடம் வேண்டும். எனவே இன்னும் மேலே, அல்லது வளைவுக்கு அப்பால், பற்றை மறைத்த ஒரு மடுவைத் தேடிப் போவார்கள். வெட்கத்தின் காரணமாகத் தேடும் அந்த இடம்தான் எவருமே ஆழம் பார்த்திராத இடம். சத்தம் போட்டாலும் அருவியின் இரைச்சலில் கேட்காத இடம். ஆண்களோ, அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று வெகுதூரம் விலகி, சில வேளை அடுத்த தடாகத்துக்கே ஏறிப் போயிருப்பார்கள்.

ஹயா ஈமானின் ஒரு கிளை. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் யார்? வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். முதலில் பாதுகாப்பான இடத்தைத் தெரிவு செய்யுங்கள். பிறகு அதற்கு மறைப்பு உண்டாக்குங்கள். பாதுகாப்பான இடம் என்றால், விழும் நீருக்கு வெகு கீழே, தரை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆழம் குறைந்து, நீர் ஓசையின்றி நகரும் இடம். பக்கத்துக் கடைக்காரரிடமோ கிராமத்துப் பெண்களிடமோ கேட்டால் காட்டுவார்கள். சிங்களம் சரளமாக வராவிட்டாலும் கைச்சாடை போதும். வீட்டு ஆண் ஒருவர் நீண்ட தடியோடு முன்னே இறங்கி ஆழம் பார்க்கட்டும். இரண்டு மரத்துக்கிடையில் ஒரு பாயோ படுக்கை விரிப்போ கட்டினால் திரை ஆயிற்று. வார நாளில், காலை ஏழு எட்டு மணிக்குப் போனால் சனமும் இருக்காது. கணவரோ சகோதரரோ முதுகைத் திருப்பிக்கொண்டு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், கையில் கயிற்றோடு நிற்கட்டும். அந்த நிற்றலும் குடும்பக் கடமைதான். ‘பொம்புளைகள் குளிக்கிறாங்க’ என்று சொல்லிவிட்டு வேனுக்குள் போய்ப் படுப்பது பாதுகாப்பாகாது.

உடையைப் பற்றிச் சொல்ல எனக்கும் கூச்சம்தான். ஆனால் சொல்லாமல் விடுவதால் யாருக்கு நன்மை? ஹபாயா தரைக்கு உரிய உடை. நனைந்த ஹபாயா கால்களைச் சுற்றிக்கொள்ளும். ஓடும் நீர் அதற்குள் புகுந்தால் பாய்மரம் போல ஆளை இழுக்கும். நீண்ட ஷோல் கழுத்தைச் சுற்றும். முகத்திரை நனைந்து மூக்கிலும் வாயிலும் ஒட்டினால் கரையிலேயே மூச்சுத் திணறும்; தண்ணீரில் சொல்லவே வேண்டாம். தளர்ந்த காற்சட்டை, முழங்கால் வரை வரும் கடும் நிற மேலாடை, தலையில் ஊசியில்லாமல் இறுகப் பொருந்தும் சிறு முக்காடு: இவை போதும். மறைக்க வேண்டியதும் மறையும், கால்களும் ஓடும். முழு உடலையும் மறைக்கும் நீச்சலுடைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. உடலோடு ஒட்டாததாகப் பார்த்து வாங்கலாம்.

பிள்ளைகள் விடயத்தில் ஒன்று. மூழ்கும் குழந்தை படத்தில் வருவது போலக் கையை ஆட்டிக் கத்தாது. வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் கத்த மூச்சேது? சத்தமில்லாமல், பலர் நடுவிலேயே, ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றால் எவரும் பார்க்கவில்லை என்று பொருள். ஒருவரை நியமியுங்கள். தண்ணீரில் இறங்காத, கைப்பேசி பார்க்காத ஒருவர். அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாறட்டும். சிறு பிள்ளைகள் உங்கள் கை எட்டும் தூரத்தைத் தாண்டக் கூடாது. இந்தப் பொறுப்பு எப்போதும் சோறு பகிரும் உம்மாவின் தலையில்தான் விழுகிறது. அன்றைக்கு ஒரு நாள் வாப்பாமார் சஹன் வைக்கட்டும்.

நம் பெண்களுக்கு நீந்தத் தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டே பிறந்து வளர்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே மௌத்தாகும் எத்தனையோ பேர் இடுப்பளவு நீரில் இறங்கியதில்லை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் அதிகமானோர். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அடக்கியவர்களில் பெண்களும் பிள்ளைகளும் எவ்வளவு பேர் என்பதை அந்த மையவாடிகளுக்குப் போனவர்கள் அறிவார்கள். அந்த அலைக்கு முன்னால் நீச்சல் மட்டும் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆண்பிள்ளைக்கு நீந்தவும் மரமேறவும் தெரிந்திருந்தது. பெண்பிள்ளைக்கு ஓடவும் தெரியாத உடையும் பழக்கமும் இருந்தன. உதவி நிறுவனங்கள் பின்னர் ஆராய்ந்து எழுதியதும் இதைத்தான்.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறு வயதில் தம் தாயார் ஆமினாவோடு மதீனாவுக்குப் பயணம் போயிருந்தபோது, பனூ அதீ இப்னு நஜ்ஜார் குடும்பத்தாரின் நீர்நிலையில் நீந்தப் பழகியதை, பிற்காலத்தில் அந்த இடத்தைக் கண்டதும் நினைவுகூர்ந்ததாக இப்னு ஸஅத் பதிவு செய்திருக்கிறார். நீச்சல் கற்பது வீண் விளையாட்டில் சேராது என்ற கருத்தில் ஹதீஸும் உண்டு. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும்படி உமர் (ரலி) அவர்கள் எழுதியனுப்பியதாகவும் செய்தி வருகிறது. இவற்றை மிம்பரில் ஓதும் நாம் ஆண்பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டோம். 2018இல் அறுகம்பேயில் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் உருவானது. உடையைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் அவர்களிடம் எனக்குச் சொல்ல வேண்டியவை இருக்கலாம். அலை கவிழ்த்தால் மூச்சைப் பிடித்து எழும்பத் தெரிந்த பெண்கள் அவர்கள் என்பதை மறுக்க முடியாது. பத்து வயதுக்குள் உங்கள் மகளுக்கு மல்லாந்து மிதக்கவாவது கற்றுக்கொடுங்கள். வாப்பாவோ காக்காவோ, அமைதியான களப்போரத்தில், ஸுபஹுக்குப் பிறகு சில நாள் பழக்கினால் போதும்.

ஆள் மூழ்கினால்

முதலில் குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இருவர் மூவராக மூழ்கிய செய்திகளைப் பத்திரிகையில் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! மூழ்குகிறவர் கைக்கு எட்டியதைப் பிடித்து அமுக்குவார். அது உம்மாவாக இருந்தாலும் சரி. தடியை நீட்டுங்கள். கயிற்றை எறியுங்கள். மூடி இறுக்கிய வெற்றுத் தண்ணீர்க் கான், ரெஜிபோம் பெட்டி, காற்றடித்த டியூப், எது மிதக்குமோ அதை எறியுங்கள். வேனில் இருபது முழ நைலோன் கயிறும் ஒரு வெற்றுக் கானும் இருந்தால் அதுவே பாதி ஏற்பாடு.

வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இவையெல்லாம் பழைய வழக்கம். நேரத்தைத் தின்பவை, வாந்தியை மூச்சுக்குழாயில் தள்ளுபவை. மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைப் பின்னே சாய்த்து நாடியை உயர்த்துங்கள். மூச்சில்லையென்றால் மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து வேகமாக முப்பது அழுத்து, இரண்டு ஊதல். மீண்டும் முப்பது, இரண்டு. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் 1990 என்ற இலவச அம்பியுலன்ஸ் இலக்கத்தை அழைக்கட்டும். மலை மடிப்புகளில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. எங்கே கிடைக்கிறது என்பதை இறங்கு முன்பே பார்த்து வையுங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கலாம்.

இங்கேதான் ஒரு தயக்கம் வந்து நிற்கிறது. மூழ்குவது பெண், அருகில் நிற்பது அந்நிய ஆண். தொடலாமா? வாயில் ஊதலாமா? சகோதரிகளே, தெளிவாகச் சொல்கிறேன்: தொடலாம், தூக்கலாம், ஊதலாம். பெண்கள் இருந்து, அவர்களுக்குச் செய்யத் தெரிந்தால் அவர்கள் செய்யட்டும். இல்லாவிட்டால் ஒரு விநாடியும் தாமதிக்கக் கூடாது. உயிருக்கு நேரும் நிர்ப்பந்தம் சாதாரண வேளையில் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பதில் நம் மத்ஹபிலும் மற்ற மத்ஹபுகளிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஹிஜ்ரி 660இல் வபாத்தான ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், தொழுகை நேரம் தப்பினாலும் மூழ்குகிறவரைக் காப்பாற்றுவதே முந்தியது என்றும், நோன்பை முறித்தால்தான் காப்பாற்ற முடியுமென்றால் முறித்துவிட்டுக் காப்பாற்ற வேண்டும் என்றும் விளக்குகிறார். தொழுகையும் நோன்பும் ஓர் உயிருக்காக வழிவிடுகின்றன. இதைப் பயணம் புறப்படுமுன் வீட்டிலே பேசி வையுங்கள்; பெண்ணின் காதிலும் விழட்டும். நீட்டிய கை யாருடையது என்று பார்த்துத் தன் கையைப் பின்னிழுக்கும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

தொழுகையையும் சொல்லிவிடுகிறேன். பொத்துவிலிலிருந்து தியலுமவுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். கஸ்ருக்கும் ஜம்உக்கும் உரிய தூரம். லுஹரோடு அஸரையும் சேர்த்து இரண்டிரண்டாகத் தொழுதுவிட்டால் பதற்றமில்லை. வுழூச் செய்வதற்குப் பாறை விளிம்பில் குந்தாதீர்கள். வீட்டிலிருந்து ஒரு கான் தண்ணீர் கொண்டு போனால் முடிந்தது.

பகல் இரண்டு, இரண்டரைக்கெல்லாம் பாயைச் சுருட்டிவிடுங்கள். மழை வருவதும் அதற்குப் பிறகுதான். இறக்கப் பாதையில் இருட்டி ஓட்டுவது அதைவிட மோசம். 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து பதினைந்து பேர் இறந்தார்கள். வெளிச்சத்தோடு புறப்பட்டால் மஃரிபுக்குப் பொத்துவிலில் இறங்கலாம். லாகுகலையையும் பொழுதிருக்கவே கடந்துவிட வேண்டும். அந்தி சாய்ந்தால் யானைகள் வீதிக்கு வரும். பகலில் அவை குளத்துப் புல்லில் நின்று மேய்வதை வேனுக்குள் இருந்தபடியே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.